கொம்பு, நிலா, செங்குத்துச் சரிவு: அல்சாஸின் ஸிண்ட்-ஹும்ப்ரெக்ட் பற்றிக் கேள்வி பதில்

கிழக்கு ஃபிரான்சின் அல்சாஸ் பகுதியில், கோல்மார் நகரத்தை ஒட்டியிருக்கும் துர்க்கைம் ஊரில் ஸிண்ட்-ஹும்ப்ரெக்ட் குடும்பத்தின் ஒயின் பண்ணை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் திராட்சை வளர்க்கிற வீடு. 1997 முதல் பயோடைனமிக் முறையில் விவசாயம் செய்கிறார்கள். பசுக் கொம்பில் சாணம் அடைத்துப் புதைப்பது, நிலாவைப் பார்த்து வேலை செய்வது என்று கேள்விப்பட்டவர்கள் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். நான் இந்த வட்டாரத்து ஒயின்களை வாங்கி விற்கும் தொழிலில் இருப்பவன். அந்தப் பண்ணையில் எனக்குப் பங்கும் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஃபிரெஞ்சு ஒயின் என்றால் போர்டோ, பர்கண்டி, ஷாம்பெயின் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். அல்சாஸ் எங்கிருந்து வந்தது? அதிலும் இந்தக் குடும்பத்துக்கு என்ன அப்படி விசேஷம்? (சென்னை வாசகர்)

அல்சாஸ் ஜெர்மனியின் எல்லையில் இருக்கிறது. ரைன் நதி ஒரு பக்கம், வோஜ் மலைத்தொடர் மறுபக்கம், நடுவில் வடக்கு தெற்காக நீளும் ஒடுக்கமான பட்டை. 1871இல் ஜெர்மனி பிடித்துக்கொண்டது, 1918இல் ஃபிரான்சுக்குத் திரும்பியது, 1940இல் மறுபடி ஜெர்மனி, போரின் முடிவில் மறுபடி ஃபிரான்ஸ். 1860வாக்கில் பிறந்து நீண்ட காலம் வாழ்ந்த ஒரு விவசாயி, வீட்டை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார். ரீஸ்லிங், கெவூர்ஸ்ட்ராமினர் போன்ற ஜெர்மானியத் திராட்சைப் பெயர்கள் ஃபிரெஞ்சு பாட்டிலில் இருப்பது இந்த எல்லை வாழ்க்கையின் அடையாளம். ஃபிரான்சின் மற்ற பகுதிகளில் லேபிளில் பெரும்பாலும் ஊர்ப் பெயரைத்தான் போடுவார்கள். இங்கே திராட்சை ரகத்தின் பெயரையும் போடுவார்கள். புதிதாக வருபவர்களுக்கு இது பெரிய வசதி.

ஹும்ப்ரெக்ட் குடும்பம் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அப்பா, பிள்ளை என்று இதே தொழிலில் இருக்கிறது. ஆனால் இன்றைய பண்ணை உருவான வருடம் 1959. கெபெர்ஷ்விர் ஊரின் லெயோனார் ஹும்ப்ரெக்டுக்கும் வின்ட்சென்ஹைம் ஊரின் ஜெனவியேவ் ஸிண்டுக்கும் கல்யாணம் ஆனது, இரண்டு வீட்டு நிலங்களும் ஒன்று சேர்ந்தன. பெயரில் இருக்கும் அந்தக் கோடு கல்யாணக் கோடு.

விசேஷம் எங்கே என்று கேட்டால், நான் லெயோனாரிடமிருந்துதான் ஆரம்பிப்பேன். 1960களிலும் 70களிலும் அல்சாஸ் விவசாயிகள் சமவெளிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். டிராக்டர் ஓடும், உரம் போட்டால் விளைச்சல் கொட்டும், கூட்டுறவுச் சங்கம் எடைக்குக் காசு கொடுக்கும். இந்த மனுஷன் எதிர்த் திசையில் போனார். கைவேலை அதிகம் என்று மற்றவர்கள் கைவிட்ட மலைச் சரிவுகளைத் தேடி வாங்கினார். 1977இல் ரான்கென் சரிவு, 1987இல் க்ளோ வின்ட்ஸ்பூல் தோட்டம். இன்று பண்ணை சுமார் 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கர். மகன் ஒலிவியே 1989இல் மாஸ்டர் ஆஃப் ஒயின் தேர்வில் தேறினார். லண்டனில் இருக்கும் ஒரு நிறுவனம் நடத்தும் கடினமான தேர்வு அது. அதில் தேறிய முதல் ஃபிரெஞ்சுக்காரர் அவர்தான். பயோடைனமிக் முறையைக் கொண்டுவந்தவரும் அவரே. பண்ணைக்குச் சான்றிதழ் 2002இல் கிடைத்தது.

ஆக, கொம்பு வருவதற்கு முன்பே நல்ல நிலம் வந்துவிட்டது. இந்த வரிசையை மனதில் வையுங்கள், கீழே வரும் பல பதில்களுக்கு இது தேவைப்படும்.

இயற்கை விவசாயமும் பயோடைனமிக்கும் ஒன்றுதானே அண்ணா? எங்கள் பக்கத்தில் உயிராற்றல் வேளாண்மை என்கிறார்கள். கொம்பு சாண உரமும் விற்கிறார்கள். (ஈரோடு, இயற்கை அங்காடி நடத்துபவர்)

ஒன்றல்ல தம்பி. நீங்கள் சொல்லும் கொம்பு சாண உரம்தான் இங்கேயும் முதல் மருந்து. 500 என்று எண் வைத்திருக்கிறார்கள். இயற்கை விவசாயத்தின் சட்டம் பெரும்பாலும் எதைப் போடக்கூடாது என்பதைப் பற்றியது: செயற்கை உரம் கூடாது, களைக்கொல்லி கூடாது, ரசாயனப் பூச்சிமருந்து கூடாது. பயோடைனமிக் அதையெல்லாம் ஏற்றுக்கொண்டு, அதற்கு மேல் எதைச் செய்தே ஆக வேண்டும் என்று ஒரு பட்டியலைச் சேர்க்கிறது.

பயோடைனமிக் முறைக்கு வித்திட்டவர் ருடால்ஃப் ஸ்டைனர், ஆஸ்திரியச் சிந்தனையாளர். அவர் விவசாயி அல்ல. மண்ணும் விதையும் கால்நடையும் சத்து இழந்துகொண்டு வருகின்றன என்று கவலைப்பட்ட நில உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டதால், 1924 ஜூன் மாதம் கோபர்விட்ஸ் என்ற பண்ணையில் 8 சொற்பொழிவுகள் நடத்தினார். அந்த ஊர் அப்போது ஜெர்மனியில் இருந்தது, இன்று போலந்தில் இருக்கிறது. அடுத்த வருடமே இறந்துவிட்டார். பண்ணை ஓர் உயிர், அதற்கு வேண்டிய உரம் அதற்குள்ளேயே உருவாக வேண்டும், நிலாவும் கிரகங்களும் அதன்மேல் வேலை செய்கின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். மதுவை அவர் ஆன்மிக வளர்ச்சிக்குத் தடை என்று கருதியவர். அவர் பேரைச் சொல்லி இன்று உலகத்தின் விலை உயர்ந்த ஒயின்கள் விற்கின்றன!

அல்சாஸுக்கு இது ஸிண்ட்-ஹும்ப்ரெக்ட் கொண்டுவந்த புதுமையும் அல்ல. பெர்கோல்ட்ஸ் ஊரில் ஓஷேன் மேயர் 1969லேயே மாறிவிட்டார். ஃபிரான்சின் ஒயின் பண்ணைகளில் முதல் வரிசை அவர்தான்.

பசுக் கொம்பு, மான் மூத்திரப்பை, குடல் என்றெல்லாம் படித்தேன். இதற்காக மாட்டைக் கொல்கிறார்களா? நான் சைவம், இந்த ஒயினைக் குடிக்கலாமா? (கோவை வாசகி)

முதலில் செய்முறை. கன்று ஈன்ற பசுவின் கொம்புதான் வேண்டும், காளையின் கொம்பு ஆகாது என்பது விதி. இலையுதிர் காலத்தில் கொம்புகளுக்குள் புதுச் சாணத்தை அடைத்து, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி குழியில் அடுக்கி மூடிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள். வசந்தத்தில் தோண்டி எடுத்துக் கொம்பை ஒரு பெட்டியின் விளிம்பில் தட்டினால் உள்ளே இருப்பது விழும். சாண நாற்றம் துளியும் இருக்காது. கையில் பிடித்தால் களிமண் மாதிரி அமுங்கும், கறுப்பாக, மழை விட்ட காட்டு மண்ணின் வாசம் வீசும். சில கொம்புகளில் மட்கு சரியாக ஆகாமல் உள்ளே பச்சை நிறமாக இருக்கும், அதைத் தனியாக எடுத்துவிடுவார்கள்.

ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 100 கிராம் போதும். வெதுவெதுப்பான 30, 35 லிட்டர் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு திசையில் சுழற்றி நடுவில் ஆழமான சுழி விழுந்ததும் சட்டென்று எதிர்த் திசையில் திருப்ப வேண்டும், மறுபடி சுழி, மறுபடி திருப்பல். சாயங்காலத்தில் பெரிய துளிகளாக மண்மேல் தெளிப்பார்கள். 501 என்பது இதற்கு நேர் எதிர். அரைத்த படிகக் கல் மாவைக் கொம்பில் அடைத்துக் கோடைக்காலம் முழுக்கப் புதைத்து, சில கிராம் மட்டும் எடுத்து, அதிகாலையில் இலைமேல் பனிமாதிரி தெளிப்பது. மான் மூத்திரப்பையும் மாட்டுக் குடலும் கம்போஸ்டில் சேர்க்கும் மூலிகைகளுக்கான உறைகள்.

கொம்புக்காக யாரும் மாட்டைக் கொல்வதில்லை. இறைச்சிக்குப் போன மாட்டின் கொம்பைக் கசாப்புக்கூடத்திலிருந்து வாங்குகிறார்கள், ஒரு கொம்பைப் பல வருடம் பயன்படுத்துவார்கள். சைவத்துக்கு ஆகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பாட்டிலுக்குள் கொம்பும் இல்லை குடலும் இல்லை. ஆனால் பயோடைனமிக் முத்திரை இருந்தால் சைவம் என்று அர்த்தம் கிடையாது. ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், மீன் பசை போன்றவற்றைப் பயன்படுத்தும் பண்ணைகள் உண்டு. அந்தக் கவலை இருந்தால் வீகன் முத்திரையைத் தனியாகத் தேடுங்கள்.

நம் நாள்காட்டியில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் இருப்பது போல இவர்களுக்கும் உண்டாமே? ஒயின் குடிக்கக்கூட நல்ல நாள் பார்ப்பார்களாமே, உண்மையா? (மதுரை)

உண்மைதான் ஐயா. மரியா தூன் என்ற ஜெர்மானியப் பெண்மணி தொகுத்த நாள்காட்டி அது. நிலா எந்த ராசியில் நிற்கிறது என்பதை வைத்து வேர் நாள், இலை நாள், பூ நாள், பழ நாள் என்று நான்காகப் பிரிக்கிறார்கள். பழ நாளில் அறுவடை நல்லது, வேர் நாளில் ஒயின் சுவை சுருங்கிக் கிடக்கும் என்பார்கள். விமர்சகர்களுக்கு ஒயின் ருசி காட்டும் கூட்டத்தையே இதைப் பார்த்து வைக்கும் வியாபாரிகளும் உண்டு.

இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். நியூசிலாந்தில் 19 ஒயின் தொழில்முறையாளர்களுக்கு 12 பினோ நுவார் ஒயின்களைப் பழ நாளிலும் வேர் நாளிலும் எதுவென்று சொல்லாமல் கொடுத்தார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. நாளுக்கும் சுவைக்கும் எந்தச் சம்பந்தமும் தென்படவில்லை. நானும் நாள் பார்ப்பதில்லை. பாட்டில் சரியான குளிர்ச்சியில் இருக்கிறதா என்று பார்ப்பேன், அதில்தான் பாதிச் சுவை.

நான் அறிவியல் ஆசிரியை. கிராம் கணக்கில் எதையோ தெளித்து ஒரு ஹெக்டேர் மண்ணை மாற்றிவிட முடியும் என்பதை எப்படி நம்புவது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். (திருச்சி)

சரி, நேராகவே சொல்கிறேன். கொம்பு வழியாக அண்ட சக்தி மண்ணில் இறங்குகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது.

ஜெர்மனியின் கைசன்ஹைம் ஆராய்ச்சி நிலையத்தில் 2006 முதல் ரீஸ்லிங் கொடிகளை வைத்து ஒரு நீண்ட ஒப்பீடு நடக்கிறது. ஒரு பகுதி வழக்கமான ஒருங்கிணைந்த முறை, ஒரு பகுதி இயற்கை முறை, ஒரு பகுதி பயோடைனமிக். பின்னவை இரண்டிலும் கொடியின் வளர்ச்சியும் விளைச்சலும் குறைந்தன. இயற்கை முறைக்கும் பயோடைனமிக்குக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சுவிட்சர்லாந்தில் 1978இல் தொடங்கிய வேறொரு சோதனை, திராட்சையில் அல்ல, கோதுமை, உருளைக்கிழங்கு போன்ற பயிர்களில். 21 வருடக் கணக்கை 2002இல் வெளியிட்டார்கள். விளைச்சல் 20 சதவீதம் குறைவு, ஆனால் மண்ணில் உயிர் அதிகம். அங்கேயும் இயற்கை, பயோடைனமிக் இரண்டும் ஒரே அணியில்தான் நின்றன.

அப்படியானால் ஒலிவியே மாதிரிப் படித்தவர்கள் ஏன் இதில் இருக்கிறார்கள்? இதற்கு என்னுடைய விடை, அவர்களுடையது அல்ல: இந்த முறை விவசாயியைத் தோட்டத்துக்குள் இழுத்துப் போடுகிறது. 501 தெளிக்க விடியலில் போக வேண்டும். கம்போஸ்ட் குவியலை வருடம் முழுக்கக் கவனிக்க வேண்டும். களைக்கொல்லி இல்லாததால் வரிசைக்கு அடியில் உழ வேண்டும். கனமான டிராக்டர் மண்ணை இறுக்கிவிடும் என்பதால் சில இடங்களில் குதிரை பூட்டுகிறார்கள். இவ்வளவு முறை கொடிகளுக்கு நடுவே நடப்பவன் கண்ணில் நோய் முதல் புள்ளியிலேயே பட்டுவிடும். எந்த மேட்டில் பழம் முந்துகிறது, எந்தப் பள்ளத்தில் ஈரம் நிற்கிறது என்பது அவனுக்கு அத்துப்படி. கொம்பைக் கழித்துவிட்டாலும் இந்த உழைப்பின் பலன் அப்படியே நிற்கும். ஆனால் கொம்பு இல்லாமல் இத்தனை பேர் இவ்வளவு உழைத்திருப்பார்களா என்று கேட்டால், என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

வகுப்பில் சொல்வதானால் ஒயின் நன்றாக இருப்பதைச் சான்றாகக் காட்டாதீர்கள். நல்ல நிலமும் நல்ல கையும் உள்ளவர்கள்தான் இந்த முறைக்கு அதிகம் வருகிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடுகிறேன். மருந்தே அடிக்காமல் அடிச்சாம்பல் நோயை எப்படிச் சமாளிக்கிறார்கள்? நாங்கள் ஒரு வாரம் விட்டால் தோட்டமே போய்விடும். (தேனி மாவட்டம்)

அடிக்கிறார்கள் அண்ணே! இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். உங்கள் பக்கத்தில் அடிக்கும் அதே போர்டோ கலவைதான், மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும். அந்தப் பெயரே போர்டோ ஒயின் பகுதியிலிருந்து வந்தது. சாம்பல் நோய்க்குக் கந்தகம். இரண்டும் இயற்கை, பயோடைனமிக் இரண்டு முறைகளிலும் அனுமதிக்கப்பட்டவை.

கட்டுப்பாடு அளவில்தான். செம்பு மண்ணில் கரைந்து போகாது, வருடா வருடம் சேரும், அதிகமானால் மண்புழுவுக்கு ஆகாது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 7 வருடத்துக்கு ஒரு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது, சராசரியாக வருடத்துக்கு 4 கிலோ. டிமீட்டர் என்ற பயோடைனமிக் அமைப்பின் வரம்பு இன்னும் குறைவு, சராசரி 3 கிலோ. இதற்குத் துணையாக குதிரைவால் செடி, காஞ்சொறி ஆகியவற்றைக் கொதிக்க வைத்தும் ஊற வைத்தும் தெளிப்பார்கள். கவாத்தைச் சரியாகச் செய்து, குலையைச் சுற்றி இலை கிள்ளி, காற்று புகும்படி வைத்திருப்பது பாதி மருந்து.

ஆனால் இவர்கள் ஊர் ராசியான ஊர் என்பதையும் சொல்ல வேண்டும். மேற்கிலிருந்து வரும் மழையை வோஜ் மலை தடுத்துவிடுவதால், கோல்மார் ஃபிரான்சிலேயே மிகக் குறைவாக மழை பெறும் ஊர்களில் ஒன்று. அப்படிப்பட்ட ஊரிலும் 2021 கோடையில் மழை விடாமல் பெய்து அடிச்சாம்பல் பரவியது, செம்பை நம்பியிருந்தவர்கள் பலர் குலைகளை இழந்தார்கள். ரசாயனம் அடித்தவர்களுக்கு நஷ்டம் குறைவு.

அதனால் இதை அப்படியே எடுத்துக் கம்பத்தில் செய்யச் சொல்லமாட்டேன். இங்கே கொடி குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து மாதக் கணக்கில் தூங்குகிறது, நோயும் ஓய்ந்து கிடக்கிறது. உங்களிடம் கொடிக்கு அப்படி உறக்கமே கிடையாது, கவாத்துப் பண்ணியதும் மறுபடி தளிர்க்கிறது. சின்னத் துண்டில் கம்போஸ்டையும் உழவையும் மாற்றிப் பாருங்கள், மருந்து அட்டவணையைக் கடைசியில் தொடுங்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர் மருந்து அடிக்கச் சொன்னால்? அரசாங்கம் கட்டாயப்படுத்தினால்? (லியோன், ஃபிரான்ஸ்)

அப்படி ஒரு வழக்கே நடந்தது. அல்சாஸில் அல்ல, பர்கண்டியில். தத்துப்பூச்சி பரப்பும் ஃப்ளவெசான்ஸ் டொரே என்ற நோய்க்கு எதிராக எல்லோரும் மருந்து தெளிக்க வேண்டும் என்று 2013இல் அரசு ஆணை. எமானுவல் ஜிபுலோ என்ற பயோடைனமிக் விவசாயி மறுத்தார். இயற்கை முறையில் அனுமதிக்கப்பட்ட மருந்துகூட நல்ல பூச்சிகளையும் சேர்த்துக் கொல்லும் என்பது அவர் வாதம். 2014இல் கீழ் நீதிமன்றம் 1000 யூரோ அபராதம் போட்டது, பாதித் தொகை நிறுத்திவைப்பு. அதே வருடக் கடைசியில் மேல்முறையீட்டில் விடுதலையானார்.

ஊர் இரண்டாகப் பிரிந்த விவகாரம் இது. அந்த நோய் வந்த கொடியைப் பிடுங்கி எறிவதைத் தவிர வழியில்லை, பக்கத்துக்காரனின் பயமும் நியாயம்தான். நான் அங்கே நிலம் வைத்திருந்தால் அவர் அடித்தால் தேவலை என்றுதான் நினைத்திருப்பேன்.

ரான்கென் என்று போட்ட பாட்டில் மற்றவற்றைவிட ஏன் இவ்வளவு விலை? (பாரிஸ், லா ஷப்பேல்)

ஒருமுறை அந்தச் சரிவின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் இந்தக் கேள்வி வராது. அல்சாஸில் 51 கிராண்ட் க்ரூ நிலங்கள் இருக்கின்றன, அதாவது சட்டப்படி உயர்தரம் என்று எல்லை குறித்த தோட்டங்கள். அவற்றில் தெற்குக் கோடியில் இருப்பது ரான்கென். முழுக்க எரிமலைப் பாறை, இந்தப் பட்டியலில் அது ரொம்ப அபூர்வம். கீழே தூர் ஆறு ஓடுகிறது, மேலே கறுப்புக் கல் சிதறிக் கிடக்கும் சரிவு, நடக்கும்போது கால் நழுவும். கல் பகலில் சூட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆற்றிலிருந்து வரும் காலைப் பனிமூட்டம் சில வருடங்களில் குலைகளில் நல்ல வகைப் பூஞ்சையைக் கொண்டுவரும், அதில் பழம் சுருங்கி இனிப்பு கூடும்.

மொத்தம் 19 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவான நிலம். அதில் ஐந்தரை ஹெக்டேர் இவர்களுடையது. தோட்டத்துக்குள் திராட்சைக்காரர்களின் காவல் புனிதரான செயின்ட் உர்பானுக்கு ஒரு சின்னக் கோயில் இருப்பதால் க்ளோ சான் உர்பான் என்று பெயர். 20ஆம் நூற்றாண்டில் இந்தச் சரிவின் பெரும்பகுதியைப் புதர் மூடிவிட்டது, கூலி கட்டுப்படியாகவில்லை. லெயோனார் 1977இல் வாங்கியபோது அவருக்குப் பைத்தியம் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். பெரும்பாலும் கைவேலை, விளைச்சலும் குறைவு, அறுவடைக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதே ஒரு வித்தை. அந்தக் கூலிதான் உங்கள் பாட்டிலின் விலை.

சுவை? ரீஸ்லிங்கானாலும் பினோ கிரியானாலும் முதல் முகர்வில் பழம் வராது. புகை, தீக்கல் உரசிய வாசம், அப்புறம்தான் பழம். எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன்.

இவர்கள் ஒயின் வாங்கினேன், சர்க்கரைப் பாகு மாதிரி இருந்தது. ரீஸ்லிங் இனிப்பாக இருக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். (ஸ்ட்ராஸ்பூர்க், மாணவர்)

எந்த வருடத்து ஒயின் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் புகார் பழைய புகார்தான் தம்பி. இவர்கள் கடையில் வாங்கும் ஈஸ்டைப் போடுவதில்லை, பழத்தோலிலும் பாதாள அறையிலும் இருக்கிற ஈஸ்டே நொதிக்க வைக்க வேண்டும். பெரிய பழைய ஓக் பீப்பாய், குளிர்ந்த அறை. சில பீப்பாய்கள் மாதக் கணக்கில் நொதிக்கும், சில அடுத்த அறுவடை வரைக்கும்கூட இழுக்கும். சில நடுவழியில் நின்றுவிடும். நின்றால் மிச்சச் சர்க்கரை ஒயினிலேயே தங்கிவிடும். அதோடு பழத்தை நன்றாகப் பழுக்கவிட்டுப் பறிக்கும் வழக்கம் வேறு. 1990களின் ஒயின்கள் சிலவற்றை அமெரிக்க விமர்சகர்கள் கொண்டாடினார்கள், எனக்கு ஒரு கிளாஸுக்கு மேல் தாங்காது.

வாடிக்கையாளர்கள் குழம்புவதைப் பார்த்து ஒலிவியே 2001 அறுவடையிலிருந்து லேபிளில் ஓர் எண் போட ஆரம்பித்தார். 1 என்றால் இனிப்பே இல்லை. 2 என்றால் கொஞ்சம் சர்க்கரை உண்டு, ஆனால் நாக்குக்குத் தெரியாது. 3 மிதமான இனிப்பு, வருடங்கள் போகப் போக அடங்கும். 4 இனிப்பு. 5 நல்ல இனிப்பு, சாப்பாடு முடிந்த பிறகு குடிப்பது. அல்சாஸ் முழுவதும் இனிப்பின் அளவைக் கட்டாயமாக எழுத வேண்டும் என்ற விதி 2021 அறுவடைக்குத்தான் வந்தது, இருபது வருடம் கழித்து. சமீப ஆண்டுகளில் இவர்கள் ஒயின்கள் இனிப்பில்லாத பக்கமே அதிகம் சாய்கின்றன. அடுத்த முறை எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

ஸிண்ட் என்று மட்டும் போட்ட பாட்டிலில் ‘ஃபிரான்ஸ் ஒயின்’ என்று இருக்கிறதே, அல்சாஸ் என்று இல்லை. போலியா? (அதே மாணவர்)

போலி இல்லை. அதில் ஷார்டனே என்ற திராட்சை ரகம் கலந்திருக்கிறது. அல்சாஸில் நுரைக்கும் ஒயினுக்கு ஷார்டனே போடலாம், சாதா ஒயினுக்கு அல்சாஸ் என்ற பெயரோடு போடக்கூடாது. அதனால் பெயரை விட்டுக்கொடுத்துப் பழத்தை வைத்துக்கொண்டார்கள். விலைக்கு மிக நல்ல பாட்டில்.

பயோடைனமிக் ஒயின் குடித்தால் மறுநாள் தலைவலி வராது, உடம்புக்கு நல்லது என்கிறார்களே? (துபாய்)

இல்லை. 13, 14 சதவீதம் ஆல்கஹால் எந்த முறையில் வந்தாலும் ஆல்கஹால்தான். ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகம் பொதுவாகக் குறைவாக இருக்கும், ஆனால் தலைவலிக்கு முதல் காரணம் கந்தகம் அல்ல, எத்தனை கிளாஸ் என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்திருக்கிறது. மருந்து மாதிரி யாராவது விற்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

காரமான நம் சமையலுக்குக் கெவூர்ஸ்ட்ராமினர்தான் பொருத்தம் என்று எங்கும் எழுதியிருக்கிறது. சரியா? முதல் முறை வாங்க எது நல்லது? (பாரிஸ், உணவகத்தில் வேலை செய்பவர்)

அரைகுறையாகச் சரி. ரோஜா, லிச்சி வாசம் மசாலா வாசத்தோடு சேரும், உண்மை. ஆனால் கெவூர்ஸ்ட்ராமினர் பெரும்பாலும் ஆல்கஹால் கூடிய ஒயின், மிளகாய்க் காரத்தோடு அது சேர்ந்தால் தொண்டை எரியும். அல்சாஸ்காரர்கள் அதை மூன்ஸ்டேர் என்ற நாற்றமடிக்கும் பாலாடைக்கட்டியோடு, சீரகம் போன்ற ஒரு விதையைத் தூவிச் சாப்பிடுகிறார்கள், அதுதான் அதன் இடம். நம் சமையலில் காரம் குறைந்த, மசாலா வாசம் தூக்கலான குருமாவுக்கு எண் 3 போட்ட பினோ கிரி. மீன் வறுவலுக்கு எண் 1 போட்ட ரீஸ்லிங், மேலே எலுமிச்சை பிழிவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாட்டிலுக்கு கிராண்ட் க்ரூ வேண்டாம். துர்க்கைம் என்று ஊர்ப் பெயர் போட்ட ரீஸ்லிங் வாங்குங்கள், பண்ணைக் கட்டடத்தைச் சுற்றியுள்ள கூழாங்கல் நிலத்து ஒயின் அது. குடிக்க ஒரு மணி நேரத்துக்கு முன் திறந்துவிடுங்கள். 10, 12 டிகிரிக் குளிர்ச்சி போதும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வேகத்தில் ஊற்றினால் வாசமே வராது. மீதியைத் தக்கையால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். இவர்கள் ஒயின் இரண்டாம் நாள்தான் வாய் திறக்கும் என்று எங்கள் கடையில் சொல்வோம்.